தலைவன் குற்றமும் தொண்டர் பற்றும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் நாட்டு முதுமொழி. செய்ந்நன்றி மறவாமை நன்றென்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் அம்மொழியை யார், யாரை நோக்கி, எவ்வேளையில் சொல்லி வந்தனர் என்று ஆராயப் புகின், நம் உபாசக அன்பர்களில் பலருக்கு வாய் கசக்கும். களத்து மேட்டிலே நெல்லை அளந்து போட்டவனே அம்மொழியையும் சேர்த்து அளந்து போட்டான். கூலி போதவில்லை என்று வாய் திறந்தவனுக்கு அது சொல்லப்பட்டது. பிள்ளையைப் பண்ணைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பியவனுக்கும் சொல்லப்பட்டது. பின்னர்த் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றுக்கொண்டு நாம் வீடு திரும்பிய நாளில், பாட்டனும் பூட்டனும் இருந்த இடத்தை விட்டுவிட்டாயே, உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்தாயே என்னும் உருவில் அது மீண்டும் வந்தது. நம்முள் இதனைக் கேளாதவர் ஒருவரேனும் இருப்பாரோ என்று ஐயுறுகிறோம்.

ஆதலின் இக்கேள்வியை நாம் ஒருமுறையேனும் நிதானமாக எடுத்துப் பார்த்தல் வேண்டும். குற்றமுடைய தலைவன் ஒருவனுக்கு அவன் கீழ்ப்பட்டோர் எதுவரை கடமைப்பட்டவர்? அவன் அவர்களை நடத்தும் முறை அக்கடமையை எவ்வாறு மாற்றுகிறது? உயிரோடிருக்கும் தலைவர்களை வைத்து இதனை ஆராய்ந்தால் கட்சிப் பேச்சாகிவிடும். கதைத் தலைவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கதைமாந்தர் நம்மேல் மானநட்ட வழக்குத் தொடரமாட்டார்கள் என்னும் வசதியும் அதில் உண்டு.

கொச்சியிலே மட்டாஞ்சேரி என்னும் பகுதியில் பழைய அரண்மனை ஒன்று இருக்கிறது. போர்த்துக்கேசியர் அதனைக் கட்டி 1555-ஆம் ஆண்டளவில் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் பின்னர் அதனைப் பழுதுபார்த்தமையால் டச்சு அரண்மனை என்ற பெயரே மக்கள் வாயில் நின்றுவிட்டது. கட்டியவர் ஒருவர், பெயர் கொண்டவர் ஒருவர். அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை முழுவதும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. தசரதன் மகப்பேறு வேண்டிச் செய்த வேள்வியில் தொடங்கி, இராவணன் அழிந்து இராமன் அயோத்தி திரும்பும் வரை படங்கள் செல்கின்றன. மன்னர் உறங்குமுன் கடைசியாகக் காண்பதும் விழித்தவுடன் முதலில் காண்பதும் இவையே. அரசனொருவன் தன் படுக்கையைச் சுற்றி வேறோர் அரசன் கெட்ட கதையை எழுதுவித்து வைத்தான் என்பது நமக்குச் சிந்திக்கத் தக்கதாகத் தோன்றுகிறது. சிந்திப்பதற்காகத்தான் வைத்தானா என்பது வேறு.

இராமாயணத்தை நாம் எடுத்தது கண்டு சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். நம் நூல்களில் தசரத ஜாதகம் என்றொன்று உண்டு. அதில் இராம பண்டிதர் வருகிறார், சீதை வருகிறாள், இராவணன் வரவேயில்லை. மகாயானத்தாரின் இலங்காவதார சூத்திரத்திலோ, இலங்கை வேந்தன் இராவணன் புத்தரை எதிர்கொண்டழைத்து அறங்கேட்கும் மாணாக்கனாக வருகிறான். தமிழ்நாட்டில் புலவர் குழந்தை 1946-இல் இராவண காவியம் பாடினார். 1948-இல் அரசு அதனைத் தடை செய்தது. அத்தடை 1971 வரை நீடித்தது. எந்த இராவணன் மெய் என்னும் வழக்கிற்குள் நாம் புகவில்லை. வால்மீகியும் கம்பரும் காட்டும் இராவணனை, அவர்கள் காட்டியவாறே, ஒரு பாடத்திற்காக எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்துக் கதகளிக் கலைஞர் இராவணனுக்கு முழுக்க முழுக்கக் கொடியவனுக்குரிய ஒப்பனை இடுவதில்லை. நல்லோருக்கு இடும் பச்சையையே அவன் முகத்திற்கும் அடித்தளமாக இட்டு, அதன்மேல் கத்தி வடிவில் சிவப்பைத் தீட்டி, மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெண்ணிற உருண்டைகளை வைக்கின்றனர். கத்தி வேடம் என்பது அதன் பெயர். பெருமையும் கேடும் ஒருங்கே உடைய தலைவன் என்று அம்முகத்தைப் பார்த்தவுடன் ஊரார் அறிந்துகொள்வர். முழுக் கொடியவன் கீழ் இருப்பவனுக்கு மனத்தளவில் குழப்பமில்லை. காலம் வாய்த்தால் போய்விடுவான். பச்சையும் சிவப்பும் கலந்த முகத்தின் கீழ் வாழ்பவன் பாடுதான் பெரும்பாடு.

இராவணன் அவையைப் பார்ப்போம். அனுமன் வந்து ஊரை எரித்துச் சென்றபின், இனிச் செய்வது யாதென்று அவன் அவை கூட்டுகிறான். அவை கூட்டினான் என்பதை நினைவிற் கொள்க. கேளாதவன் என்று யாரும் அவனைச் சொல்லிவிட முடியாது. பிரகஸ்தன் முதலானோர் எழுந்து, மூவுலகும் வென்ற நினக்கு இந்த மனிதர் எம்மாத்திரம் என்கின்றனர். கும்பகர்ணன் எழுகிறான். பிறன் மனைவியைக் கவர்ந்து வருமுன் எங்களைக் கேட்டிருக்க வேண்டும், செய்தபின் கேட்பதனால் பயனென்ன என்று அண்ணன் முகத்தெதிரே கண்டிக்கிறான். கண்டித்துவிட்டு, ஆயினும் நின் பகைவரை நான் முடித்துத் தருவேன் என்று அமர்கிறான். விபீஷணன் எழுகிறான். சீதையைத் திருப்பி அனுப்பிவிடுக, குடியும் ஊரும் பிழைக்கும் என்கிறான். இந்திரஜித்து சிறிய தந்தையைக் கோழை என்று இகழ்கிறான். பின்னர் இராவணனே வாய் திறக்கிறான். பகைவரைக் காட்டிலும் சுற்றத்தாரே அஞ்சத் தக்கவர் என்கிறான். வேறொருவன் இதைச் சொல்லியிருந்தால் இந்நேரம் உயிரோடிருக்கமாட்டான் என்கிறான். குலத்திற்கே இழுக்கு என்று தம்பியைத் தூற்றுகிறான். விபீஷணன் நால்வரோடு எழுந்து வெளியேறுகிறான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சீதையைக் கவர்ந்த குற்றம் நடந்து மாதங்கள் பல ஆயின. அக்குற்றத்திற்காக இலங்கையை விட்டு ஒருவரும் போகவில்லை, விபீஷணனும் போகவில்லை. அறத்தை அறிந்த அவன் அத்துணை நாளும் அவையில் தன் இருக்கையில்தான் இருந்தான். தலைவனின் குற்றத்தைச் சகித்துக்கொண்டிருந்தவன், அக்குற்றத்தைச் சொல்வதற்கு இடமில்லை என்று தெரிந்த அன்றுதான் எழுந்தான். மனிதர் தம் தலைவரிடத்துப் பெருங்குறைகளையும் பொறுத்துக்கொள்வர். சொல்லிப் பார்க்கலாம், என்றேனும் ஒருநாள் செவிசாய்ப்பார் என்னும் நம்பிக்கையே அவர்களை இருத்தி வைக்கிறது. அந்நம்பிக்கையை அவையறிய அறுத்தெறிந்தவன் இராவணனே. நால்வரோடு ஒருவன் போனது அதன்பின் நடந்த காரியம்.

போகாதவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதையும் பார்த்தல் வேண்டும். மாரீசன் கதை எல்லாருக்கும் தெரியும். பொன்மானாகப் போ என்றபோது அவன் மறுத்துப் பார்த்தான். விளையும் கேட்டை எடுத்துக் காட்டினான். போகாவிட்டால் இங்கேயே கொல்வேன் என்றான் இராவணன். இருபுறமும் சாவென்றால் பகைவன் கையால் சாவதே மேல் என்று எண்ணி மாரீசன் போனான். ஏவிய காரியம் நிறைவேறியது. பணிவு என்று இதனைச் சொல்லலாம். பற்று என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. சுகன், சாரணன் என்னும் ஒற்றர் இருவர் வானரப் படையின் வலிமையைக் கண்டவாறே வந்து உரைத்தனர். பகைவரைப் புகழ்கிறீர்களா என்று சினந்து, முன்னே நில்லாதீர் என்று இராவணன் அவர்களை விரட்டினான். ஒற்றன் கண்டதைச் சொன்னதற்காக ஏச்சு வாங்கும் நாட்டில், அடுத்த ஒற்றன் எதைக் காண்பான்? மன்னன் காண விரும்புவதையே காண்பான். பாட்டன் முறையினனான மாலியவான் சொன்ன அறிவுரைக்கும் ஏச்சே கிடைத்தது. இவ்வாறு ஒவ்வொரு வாயாக அடைத்துக்கொண்டே வந்து, முடிவில் இலங்கையிலேயே மிகக் குறைவாகச் செய்தி அறிந்தவன் இலங்கை வேந்தன்தான் என்றாயிற்று.

இனிக் கும்பகர்ணன். இவனைப் பற்றி நாம் அவசரப்படலாகாது. தமிழ் மக்கள் இவனிடத்தில் வைத்த அன்பு பெரிது. அதற்குக் கம்பர் முதற்காரணர். போர்க்களத்திலே விபீஷணன் அவனைக் கண்டு, இப்பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான். கும்பகர்ணன் மறுக்கிறான். நெடுங்காலம் வளர்த்து, இன்று போர்க்கோலமும் செய்து அனுப்பிய அண்ணனுக்காக உயிர்கொடுப்பதே தன் வழி என்றும், நீ போய் வாழ்க என்றும் தம்பியை வாழ்த்தி அனுப்புகிறான். செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டார் நினைவுக்கு வருவோருள் இவனும் ஒருவன். அவன் கோழையல்லன், முகத்துதி செய்பவனுமல்லன், தலைவனின் குற்றத்தை அவையில் சொன்னான், துயிலெழுப்பியபின் மீண்டும் சொன்னான். சொல்லியும் கேளாதபோது, விட்டுப் போகாமல் செத்தான். விபீஷணனை ஒத்துக்கொள்பவர்கூட, மகன் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் கும்பகர்ணனையே காட்டுவர். இன்றும் நம்மிடையே ஒருவனைத் துரோகி என்று தூற்றுவதற்கு விபீஷணன் என்பதே பெயர்.

நம் நிலை யாது? தனஞ்சானி சுத்தம் என்றொரு சுத்தம் மஜ்ஜிம நிகாயத்தில் உண்டு. இராசகிருகத்திலே தனஞ்சானி என்னும் பிராமணன் இருந்தான். அரசனைச் சார்ந்து நின்று குடிகளைக் கொள்ளையிட்டான். குடிகளைச் சார்ந்து நின்று அரசனைக் கொள்ளையிட்டான். சாரிபுத்தர் அவனைக் கண்டு, தனஞ்சானி, ஊக்கத்தோடு இருக்கிறாயா என்று வினவினார். ஐயா, எனக்கு ஊக்கம் எப்படி இருக்கும்? தாய் தந்தையரைக் காக்க வேண்டும், மனைவி மக்களைக் காக்க வேண்டும், ஏவலரைக் காக்க வேண்டும், நண்பருக்கும் உறவினருக்கும் விருந்தினருக்கும் செய்வன செய்ய வேண்டும், அரசனுக்குச் செய்வது செய்ய வேண்டும் என்று அடுக்கினான். சாரிபுத்தர் அக்கடமைகள் எவற்றையும் பொய் என்று தள்ளவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இவர்கள் பொருட்டுத் தீமை செய்தவன், இவர்கள் பொருட்டன்றோ செய்தேன் என்று நிரயக் காவலரிடம் முறையிட்டால் விடுவார்களா என்று கேட்டார். அவர்களே வந்து, எங்கள் பொருட்டன்றோ செய்தான் என்று பரிந்து பேசினாலும் விடுவார்களா என்று கேட்டார். விடமாட்டார்கள் என்று தனஞ்சானியே ஒப்புக்கொண்டான். தீமை செய்யாமலே பெற்றோரைக் காக்கவும் அரசனுக்குத் தொண்டு செய்யவும் தக்க வேறு தொழில்கள் உள என்று சாரிபுத்தர் முடித்தார்.

கும்பகர்ணன் பெற்ற சோறு மெய், கடனும் மெய். கடனைத் தீர்க்க அவன் கொண்ட வழியைத்தான் நாம் ஐயுறுகிறோம். பஞ்சசீலத்தின் முதல் சீலத்தில், எனக்குச் சோறிட்டவன் ஏவினாலன்றி என்றொரு விலக்கு எழுதப்படவில்லை. அன்றியும், அவன் சாவினால் இராவணனுக்கு விளைந்த நன்மைதான் என்ன? தம்பி இறந்த செய்தி கேட்டு இராவணன் புலம்புகிறான்; அப்புலம்பலில், அறமறிந்த விபீஷணனை விரட்டியதன் பயன் இதுவே என்று அவன் வாயாலேயே சொல்கிறான் என வால்மீகி எழுதுகிறார். அவன் மனம் அசைந்தது அப்போதுதான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கும்பகர்ணன் படுக்கையிலிருந்து எழமாட்டேன் என்று சொல்லியிருந்தால், அவ்வொரு மறுப்பு அண்ணனைக் காப்பாற்றியிருக்குமோ என்று எண்ணிப் பார்க்கிறோம். இல்லையென்றும் சொல்லலாம். ஆனால் உடன்பட்டுச் செத்தது காப்பாற்றவில்லை என்பது கண்கூடு.

நம்மவர் நெஞ்சை இன்னும் அதிகமாகத் தொடுபவன் கர்ணன். இராவணன் தன்னவரை இகழ்ந்து இழந்தான். துரியோதனனோ கர்ணனைச் சிறப்பித்துப் பெற்றான். படைக்கலப் பயிற்சி காட்டும் அரங்கிலே, நின் குலம் யாது என்று கிருபர் கேட்க, கர்ணன் தலை கவிழ்ந்து நின்றான். அவ்விடத்திலேயே அங்க நாட்டை அளித்து முடிசூட்டியவன் துரியோதனன். குலம் கேட்டுத் தலை கவிழ நின்ற அனுபவம் நமக்கு ஏட்டுப் படிப்பன்று. அந்த வேளையில் கை நீட்டியவனை எவ்வாறு மறப்பது? பின்னாளில் பிறப்பின் உண்மையை அறிந்தும், அரசே வருமென்று கண்ணன் சொல்லியும், கர்ணன் துரியோதனனை விட்டு வரவில்லை என்பதைக் கூத்திலே காணும்போது நம் பெரியோர் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீரை நாம் குறைவாக மதிக்கவில்லை.

ஆனால் சூதாடிய மண்டபத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாஞ்சாலியை அவைக்கு இழுத்து வந்தபோது, துரியோதனன் தம்பியருள் ஒருவனான விகர்ணன் எழுந்து, இது முறையன்று என்றான். மூத்தோர் வாய்மூடி இருந்தபோது பேசிய ஒரே இளைஞன் அவன். அவனை அதட்டி அமர்த்தியவன் யார்? கர்ணன். அப்பெண்ணைக் கொடுஞ்சொல்லால் இழித்தவனும் அவனே. குலம் கேட்கப்பட்டு அவமானம் பட்டவன், அவமானப்படும் ஒருத்திக்காகப் பேசிய வாயை அடைத்தான். அங்க நாட்டுக்குக் கொடுத்த விலை இதுவென்றே நாம் கருதுகிறோம். துரியோதனன் குல வேற்றுமையை வெறுத்து முடிசூட்டினானோ, அருச்சுனனுக்கு எதிரே நிறுத்த ஒரு வில்லாளி வேண்டிச் சூட்டினானோ? பிற சூதர் மக்களுக்கு அவன் நாட்டில் என்ன கிடைத்தது என்பதை அக்கதை சொல்லவில்லை. நம்மில் ஒருவரை மேடையில் ஏற்றி மாலையிடும் தலைவர்களைக் காணும்போது இக்கேள்வியை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

கதையை விட்டு மண்ணுக்கு வருவோம். நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி அரண்மனை வாயிலினின்று மிளகும் இஞ்சியும் மணக்கும் பண்டகசாலைத் தெருக்களின் வழியே நடந்தால், கப்பல் சரக்கு ஏறி இறங்கிய காயல் கரை வந்துவிடும். அக்கரையில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலை கொடுத்த முறைக்குச் சாப்பா என்று பெயர். சாப்பா என்பது ஒரு சிறிய உலோக வில்லை. காலையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் கூடி நிற்பர். வேலை கொடுக்கும் மூப்பன் அவ்வில்லைகளைக் கூட்டத்தினிடையே வாரி எறிவான். விழுந்து புரண்டு, அடித்து மிதித்து, எவன் கையில் வில்லை அகப்படுகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. அகப்படாதவன் வீட்டில் அன்று அடுப்பு இல்லை. பிற்காலத்தில் கே. எம். சிதம்பரன் மலையாளத்தில் எழுதிய துறைமுகம் என்னும் நாடகத்திற்கு இதுவே பொருள். அதனைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023-இல் வெளிவந்தது.

தலைவன் கீழோரை நடத்தும் முறைகளுள் இதைக் காட்டிலும் இழிந்ததொன்றை நினைப்பது அரிது. ஆயினும் ஆராயத் தக்க செய்தி அதன் இழிவன்று. அது மனிதருள்ளே செய்யும் வேலை. வில்லை பெற்றவன் எறிந்த கையைக் கும்பிட்டான். பெறாதவனோ எறிந்தவனை வையவில்லை; தன்னைத் தள்ளிவிட்டு எடுத்த அடுத்த வீட்டுக்காரனை வைதான். மறுநாள் காலை மூப்பன் கண்ணில் படும்படி முன்வரிசையில் வந்து நின்றான். வேலை தருபவன் ஒரு சொல்லும் சொல்லாமலே, பசித்தவரைப் பசித்தவர்க்குப் பகையாக்கிவிட்டான். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு மூப்பனிடத்தில் எல்லாருக்கும் பணிவு இருப்பதாகவே தோன்றியிருக்கும். இராவணன் அவையில் பிரகஸ்தன் முதலானோர் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு புகழ்ந்ததும் இவ்வகைப்பட்டதே. அங்கே எறியப்பட்ட வில்லை வேறு, அவ்வளவே.

சிகாலோவாத சுத்தத்தில் பகவான், தலைவன் ஏவலர்க்குச் செய்ய வேண்டுவன ஐந்து என்று அருளினார். அவரவர் வலிமைக்கேற்ப வேலை பகிர்தல் அவற்றுள் முதலாவது. உணவும் ஊதியமும் தருதல், நோயில் பேணுதல், அரிய உணவு கிடைத்தால் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் ஏனையவை. இவ்வாறு பேணப்பட்ட ஏவலர் தலைவனுக்குச் செய்வனவும் ஐந்து: அவனுக்கு முன் எழுவர், பின் துயில்வர், கொடுத்ததையே கொள்வர், வேலையைச் செம்மையாகச் செய்வர், அவன் நற்பெயரைப் பிறரிடம் எடுத்துரைப்பர். வரிசையைப் பாருங்கள். தலைவன் செய்வது முன்னே வருகிறது. ஏவலர் பற்று அதற்கு மறுமொழியாகப் பின்னே வருகிறது. நம் ஊர்களில் பன்னெடுங்காலம் இப்பாட்டின் பின்பாதியை மட்டும் பாடிக்கொண்டிருந்தார்கள். சாப்பா முறையிலோ முதற்கடமையே தலைகீழாயிற்று. வலிமைக்கேற்ற வேலையன்று, பறிக்கும் வலிமைக்கேற்ற வேலை.

அம்முறைக்கு எதிரான போராட்டம் 1953-இல் முற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். அப்போராட்டத்தில் சையது, சைதலவி, அந்தோணி என்னும் மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். ஒரு வில்லைக்காக ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தவர்கள், மதத்தைக் கேளாமல் ஒன்றாய் நின்று வில்லையே வேண்டாம் என்ற நாள் அது. துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-லேயே இயற்றப்பட்டிருந்தது. அதன்வழிப் பெயர்ப்பதிவும் முறைவரிசையும் கொச்சிக்கு வந்துசேரப் பின்னும் ஆண்டுகள் கழிந்தன. மூப்பனின் உப்பைத் தின்று அவனுக்கே எதிராக நின்றார்கள் என்று அவர்களை அன்றும் சிலர் பழித்திருப்பர். உப்பு யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. கப்பலில் ஏறிய மூட்டை அவர்கள் தோளில் ஏறியது.

விபீஷணனிடம் மீண்டும் வருவோம். அவன்மேல் சொல்லப்படும் குற்றத்தை மழுப்பிவிடுதல் நேர்மையாகாது. அவன் போனது மட்டுமன்று. போய்ச் சேர்ந்த இடத்தில் இலங்கைக்கு அரசனாக முடி பெற்றான், அதுவும் அண்ணன் உயிரோடிருக்கும்போதே, கடல்நீரால். இந்திரஜித்து நிகும்பிலையில் வேள்வி செய்யும் மறைவை அவனே பகைவர்க்குக் காட்டினான். அண்ணன் மகன் அதனால் இறந்தான். ஆதலின் அவன் செயலை ஒன்றென்று கொள்ளாமல் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. தீமைக்குத் துணை நில்லேன் என்று எழுந்து வெளியேறியது ஒன்று. வெளியேறியபின் முடி பெற்று, வீட்டின் மறைவுகளைக் காட்டிக்கொடுத்தது மற்றொன்று. முன்னதை நாம் தயங்காமல் போற்றுகிறோம். பின்னதைப் போற்ற நம்மால் இயலவில்லை. உலகத்தார் பின்னதைக் காட்டி முன்னதையும் சேர்த்துப் பழித்துவிட்டனர். துரோகி என்னும் பெயர் அவ்வாறே நிலைத்தது.

நமக்கு வழிகாட்டிய பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்க்கையில் இவ்விரண்டும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன! 1927-இல் மகாட் குளத்து நீரைக் கேட்டார். 1930-இல் நாசிக்கில் காளாராமர் கோயிற் கதவைத் தட்டச் செய்தார். இவை அவையில் எழுந்து சொன்ன சொற்கள். செவிசாய்ப்பார் இல்லை என்று கண்டபின், 1935 அக்டோபர் 13 அன்று ஏவலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அதன்பின்னும் உடனே எழுந்து போய்விடவில்லை. அரசியலமைப்பை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டு அவ்வீட்டுப் பெண்டிர்க்கே உரிமை தேடினார். அது கைகூடாதபோது 1951-இல் அமைச்சுப் பதவியைத் துறந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீட்சை பெற்றபோது, அறிவிப்புச் செய்து இருபத்தோராண்டுகள் ஆகியிருந்தன. எந்த முடியும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. விட்டுவந்த வீட்டின்மேல் ஒரு கல்லும் எறியப்படவில்லை. இத்துணைக் காலம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனவரைப் பின்பற்றியவர்களிடம்தான் உப்பின் கணக்குக் கேட்கிறார்கள்.

இனி நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டுவந்த இடத்தின் பழக்கம் நம்மோடு கூடவே வந்துவிடக்கூடும். சங்கத் தலைவர் சொல்லை மறுத்தவரைக் கட்டுப்பாடில்லாதவர் என்றும், கணக்குக் கேட்டவரைக் கலகக்காரர் என்றும் சொல்லும் வழக்கம் எந்தச் சங்கத்திலும் தலையெடுக்கலாம். நல்ல நோக்கமுடைய தலைவரிடத்தில்தான் அது எளிதில் தலையெடுக்கும். ஏனெனில் தம் நோக்கம் நல்லதென்பது அவருக்குத் தெரியும், ஆதலின் மறுப்பவர் நோக்கத்தின்மேல்தான் அவருக்கு ஐயம் பிறக்கும். இராவணனுக்குப் பிறந்த ஐயமும் அதுவே.

பிக்கு சங்கத்தில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. மூன்று மாதக் கார்காலத் தங்கல் முடியும் பௌர்ணமியில் பவாரணை என்னும் சடங்கு நிகழும். என்னிடத்தில் குற்றம் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், ஐயுற்றிருந்தாலும் இரக்கங்கொண்டு சொல்லுங்கள், உணர்ந்தால் திருத்திக்கொள்வேன் என்னும் பொருள்பட ஒவ்வொருவரும் மும்முறை சங்கத்தை வேண்டிக்கொள்வர். சாவத்தி நகரில் விசாகை கட்டுவித்த மாளிகையில் ஐந்நூறு பிக்குகள் சூழ அமர்ந்திருந்த பவாரணை நாளில், பகவானே முதலில் வாய் திறந்து, என் செயலிலேனும் சொல்லிலேனும் நீங்கள் குறைகூறத் தக்கது ஏதேனும் உண்டா என்று கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் சொல்கிறது. சாரிபுத்தர் எழுந்து, ஒன்றுமில்லை என்று விடையிறுத்து, என்னிடத்தில் உண்டா என்று பகவானைத் திருப்பிக் கேட்டார். பின்னர் ஐந்நூற்றுவருக்காகவும் கேட்டார்.

அச்சடங்கு நிகழும் முறையையும் விநயம் வகுத்திருக்கிறது. ஒருகாலத்தில் மூத்த தேரர்கள் தரையில் குந்தியமர்ந்து வேண்டிக்கொண்டிருக்கையில், சில பிக்குகள் இருக்கையை விட்டு இறங்காமல் இருந்துவிட்டனராம். அதனைப் பகவான் கண்டித்து விதி செய்தார். அன்றுமுதல், எல்லாரினும் மூத்த தேரர் மேலாடையை ஒரு தோளில் ஒதுக்கி, தரையில் குந்தி, கைகூப்பி முதலில் கேட்கிறார். அவர்பின் முறையே இளையோர் கேட்கின்றனர். அண்மையில் துறவு பூண்டவர் கடைசியாகக் கேட்கிறார்.